போர் நடக்கும்போதே வெற்றியைக் கணிக்க முடியுமா?

1941 ஜூலை 3. சோவியத் ஒன்றியத்துக்குள் ஜெர்மன் படை புகுந்து பன்னிரண்டாவது நாள். ஜெர்மன் தரைப்படையின் போர்த்திட்டங்களை வகுக்கும் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெனரல் ஃபிரான்ஸ் ஹால்டர் தன் நாட்குறிப்பில், இந்தப் படையெடுப்பு இரண்டே வாரத்தில் வெல்லப்பட்டுவிட்டது என்று சொன்னால் மிகையாகாது என எழுதினார். அப்படி எழுத அவருக்குக் காரணம் இருந்தது. எல்லையோரத்தில் இருந்த சோவியத் படைகள் சிதறியிருந்தன. லட்சக்கணக்கானோர் கைதாகியிருந்தனர். முதல் நாளிலேயே சோவியத் விமானங்கள் பெருமளவில் தரையில் வைத்தே அழிக்கப்பட்டிருந்தன.

ஆகஸ்ட் 11-ஆம் தேதி அதே நாட்குறிப்பில் அதே கை வேறு மாதிரி எழுதியது. போர் தொடங்கும்போது எதிரியிடம் சுமார் 200 டிவிஷன்கள் இருக்கும் என்று கணக்கிட்டிருந்தோம், இப்போதே 360 டிவிஷன்களை எண்ணியாகிவிட்டது, ஒரு டஜனை அழித்தால் இன்னொரு டஜன் முன்னால் வந்து நிற்கிறது என்பது அதன் சாரம். ஆறு வாரத்துக்குள் ஒரு தளபதியின் கணக்கு தலைகீழானது. டிசம்பரில் மாஸ்கோவுக்கு முன்னால் ஜெர்மன் படை பின்வாங்கத் தொடங்கியது.

ஹால்டர் அனுபவமற்றவர் அல்லர். அவர் கையில் உளவுத் தகவல், வரைபடம், தினசரி அறிக்கை எல்லாம் இருந்தன. அத்தனையும் இருந்தும் அவர் எங்கே தவறினார் என்ற கேள்வி, இன்று தொலைக்காட்சியில் அம்புக்குறிகளைப் பார்த்து யார் ஜெயிப்பார் என்று பேசும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். இழப்பை அவர் எண்ணினார். அந்த இழப்பு எந்த வேகத்தில் நிரப்பப்படும் என்பதை எண்ணவில்லை. போர்க் கணிப்புகள் பொய்த்த வரலாற்றைப் புரட்டினால் இந்த ஒரே ஓட்டை திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

எண்ணிக்கை எவ்வளவு தூரம் உதவும்?

எவரும் முதலில் பார்ப்பது தலைக்கணக்கு. எத்தனை வீரர்கள், எத்தனை டாங்கிகள், எவ்வளவு பொருளாதார பலம்? அமெரிக்கப் போரியல் ஆய்வாளர் ஸ்டீபன் பிடில், 2004-இல் வெளியான தன் நூலில் இருபதாம் நூற்றாண்டுப் போர்களை இந்த அளவுகோல்களால் சோதித்தார். மக்கள்தொகை, படைபலம், உற்பத்தி போன்றவற்றை மட்டும் வைத்து வெற்றியாளரைச் சொன்னால், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலான பலன்தான் கிடைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. இருக்கும் ஆயுதத்தைப் படை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்றார்.

1940 மே மாதம் அதற்கு நல்ல சான்று. ஜெர்மனியிடம் இருந்தவை சுமார் 2,500 டாங்கிகள். பிரான்ஸிடம் மட்டும் 3,000-க்கு மேல்; அவற்றில் பல, கவசத்திலும் பீரங்கியிலும் ஜெர்மன் டாங்கிகளைவிட உறுதியானவை. ஆனால் பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றின் சுழல்கூண்டில் ஒருவர்தான் உட்கார முடியும். களத்தைக் கவனிப்பது, குண்டு நிரப்புவது, குறிபார்ப்பது, சுடுவது, மற்றவர்களுக்கு உத்தரவிடுவது என எல்லாமே அந்த ஒருவரின் வேலை. பல டாங்கிகளில் ரேடியோவும் இல்லை. ஜெர்மன் டாங்கிகளில் வேலை பிரித்துத் தரப்பட்டிருந்தது, ரேடியோ இருந்தது, விமானப்படையும் தரைப்படையும் கைகோத்து இயங்கின. ஆறே வாரத்தில் பிரான்ஸ் வீழ்ந்தது.

2021-இல் ஆப்கானிஸ்தான் இதே பாடத்தை இன்னும் கொடுமையாக நடத்தியது. அரசுப் படைகளின் பலம் காகிதத்தில் 3 லட்சம். தாலிபான்கள் சுமார் 75,000 பேர் என்று சொல்லப்பட்டது. அந்த 3 லட்சத்தில் கணிசமானோர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தவர்கள். விமானங்களைப் பழுதுபார்த்துவந்த வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் அமெரிக்கப் படையோடு கிளம்பிவிட்டனர். தாலிபான்கள் நாடு முழுவதையும் கைப்பற்றுவது நடக்க வாய்ப்பில்லாத ஒன்று என்று ஜூலை 8-ஆம் தேதி அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் சொன்னார். ஆகஸ்ட் 6-இல் முதல் மாகாணத் தலைநகரான ஸரஞ்ச் விழுந்தது. ஒன்பது நாள் கழித்துக் காபூல். அந்தக் கணிப்பை நம்பி ஊரில் தங்கியவர்கள் பலர் காபூல் விமான நிலையச் சுவரோரம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

பலவீனர் வெல்வது விதிவிலக்கா என்றால், அதற்கும் கணக்கு உண்டு. 1800 முதல் 1998 வரை நடந்த, இரு தரப்பின் பலமும் பெரிதும் ஏற்றத்தாழ்வாக இருந்த போர்களை ஆய்வாளர் இவான் அரெகின்-டாஃப்ட் தொகுத்துப் பார்த்தார். மொத்தத்தில் சுமார் 70 சதவீதப் போர்களில் பலசாலியே வென்றிருக்கிறார். ஆனால் 1950-க்குப் பிந்தைய போர்களை மட்டும் எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பலவீனர் கை ஓங்கியிருக்கிறது. நேருக்கு நேர் மோதும் பெரும்படைக்கு எதிராக, நேரே மோதாமல் காலத்தை இழுத்தடிக்கும் உத்தியைக் கையாண்டவர்களே அப்படி வென்றார்கள் என்பது அவர் விளக்கம்.

வரைபடம் சொல்லாதது

எண்ணிக்கைக்கு அடுத்தபடி கண்ணைக் கவர்வது வரைபடம். யார் எத்தனை கிலோமீட்டர் முன்னேறினார் என்பது பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது. அதனாலேயே அது எளிதில் ஏமாற்றுகிறது.

1918 மார்ச் 21-ஆம் தேதி ஜெர்மனி மேற்கு முனையில் மாபெரும் தாக்குதலைத் தொடங்கியது. மூன்றரை ஆண்டுகளாகப் பதுங்குகுழிகளில் உறைந்து கிடந்த போர்முனை உடைந்தது. 1914-க்குப் பிறகு எந்தத் தரப்பும் பெறாத அளவு நிலத்தை ஜெர்மன் படை சில வாரங்களில் பிடித்தது. அந்த ஏப்ரலில் வரைபடத்தை மட்டும் பார்த்த எவரும் ஜெர்மனி வெல்லும் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த முன்னேற்றத்தில் அதன் தேர்ந்த வீரர்கள் மடிந்தனர். அவர்கள் இடத்தை நிரப்ப ஆளில்லை. மறுபக்கம் அந்தக் கோடையில் அமெரிக்க வீரர்கள் நாளொன்றுக்குச் சுமார் 10,000 பேர் பிரான்ஸில் வந்திறங்கினார்கள். நவம்பர் 11-இல் ஜெர்மனி போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்டது. அப்போதும் ஜெர்மன் படை பிரெஞ்சு, பெல்ஜிய மண்ணில்தான் நின்றுகொண்டிருந்தது.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான, ஆறாத வலி தரும் உதாரணம் இலங்கையில் இருக்கிறது. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் பெருந்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல்லாயிரம் அரசுப் படையினர் சிக்கிக்கொண்டதாகவும், யாழ்ப்பாணம் சில நாட்களில் கைமாறும் என்றும் உலகப் பத்திரிகைகள் எழுதின. படையினரை வெளியேற்ற உதவுமாறு கொழும்பு இந்தியாவை நாடியது. ஆனால் பாகிஸ்தானிலிருந்து பல்குழல் ராக்கெட் ஏவிகள் அவசரமாக வந்திறங்கின, யாழ்ப்பாணம் கைமாறவில்லை. 2002-இல் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. இந்தப் போரில் எவரும் ராணுவ ரீதியாக வெல்ல முடியாது என்ற முடிவு பல தலைநகரங்களில் வேரூன்றியது.

அந்த முடிவுக்குக் கீழே நிலைமை மாறிக்கொண்டே இருந்தது. 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா பிரிந்ததும் புலிகளின் ஆள்சேர்ப்பு வட்டம் சுருங்கியது. 2006-இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. வெளியிலிருந்து பணம் வரும் வழிகள் நெருக்கப்பட்டன. 2007 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கரையிலிருந்து வெகு தொலைவில் ஆழ்கடலில், புலிகளின் ஆயுதக் கப்பல்களை இலங்கைக் கடற்படை மூழ்கடித்தது. அதே காலத்தில் அரசுத் தரைப்படை பெருமளவு விரிவாக்கப்பட்டது. ஒரு தரப்பு இழந்ததை நிரப்ப முடியாமல் போனது. மறு தரப்பு வேண்டியதற்கு மேல் நிரப்பியது. 2009 ஜனவரி 2-இல் கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது, கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. எவரும் வெல்ல முடியாத போர் என்று வெளியுலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் நீண்டதால், மக்களைக் காக்கும் முயற்சியைத் தொடங்குவதும் பிந்தியது. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் வன்னி மக்கள்.

நிரப்பும் வேகமும் நிறுத்தும் மனமும்

இழப்பைவிட நிரப்பும் வேகமே முக்கியம் என்பதை வியட்நாமில் அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லண்டும் அறிந்திருந்தார். எதிரி இழக்கும் ஆட்கள், எதிரியால் புதிதாகச் சேர்க்க முடிந்த ஆட்களைவிட அதிகமாகும் ஒரு கட்டத்தை அவர் தேடினார். அந்தக் கட்டம் வந்தால் வெற்றி தானாக வரும் என்பது கணக்கு. சிந்தனையில் பிழை இல்லை. உள்ளே போட்ட எண்கள்தான் பிழை. கொன்றவர்களின் எண்ணிக்கையை வைத்தே அதிகாரிகள் மதிப்பிடப்பட்டதால் அந்த எண்ணிக்கை ஊதிப் பெருத்தது.  இதற்கிடையே வடக்கு வியட்நாமில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் இளைஞர்கள் படையில் சேரும் வயதை எட்டிக்கொண்டிருந்தனர்.

1967 நவம்பரில் வாஷிங்டனில் பேசிய வெஸ்ட்மோர்லண்ட், போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்றார். இரண்டு மாதம் கழித்து, டெட் புத்தாண்டு நாளில், தெற்கு வியட்நாமின் நகரங்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் தாக்குதல் வெடித்தது. தாக்கியவர்கள் களத்தில் தோற்றார்கள். பிடித்த நகரங்களை இழந்தார்கள். பெரும் உயிர்ச்சேதம் கண்டார்கள். ஆனால் மார்ச் 31-ஆம் தேதி அதிபர் ஜான்சன் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். ஹனோய்க்கு இது தேசத்தின் இருப்புக்கான போர். வாஷிங்டனுக்கு அது பல அக்கறைகளில் ஒன்று. எவ்வளவு விலை கொடுக்கத் தயார் என்பதில் இருந்த இந்த வேறுபாடு எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பிளெய்னி 1973-இல் எழுதிய நூல் இதற்கு ஒரு பொதுவிளக்கம் தருகிறது. இரு தரப்பும் தத்தம் பலத்தை வெவ்வேறாக மதிப்பிடும்போது போர் மூள்கிறது. யார் பலசாலி என்பதில் இருவரும் ஒரே கருத்துக்கு வரும்போது போர் ஓய்கிறது என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் போர் தொடர்வதே, இரு தலைமைகளில் ஒன்றாவது தவறாகக் கணித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். வெளியிலிருந்து பார்ப்பவர் அந்தத் தவறு யாருடையது என்று தேட வேண்டியிருக்கிறது.

கணிப்பு சரியாக அமைந்த போர்களும் உண்டு. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தான் மீது உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நெருக்குதல் ஏப்ரலிலேயே எழுந்தது. இந்தியத் தரைப்படைத் தலைவர் மானெக்ஷா காலம் கேட்டார். பருவமழையில் வங்கத்து ஆறுகள் பெருக்கெடுக்கும். குளிர்காலத்தில் இமயக் கணவாய்கள் பனியில் மூடினால் சீனாவால் எளிதில் தலையிட முடியாது. இன்னொரு பெரிய அம்சமும் இருந்தது. பிப்ரவரியிலேயே பாகிஸ்தான் விமானங்கள் இந்திய வான்வெளியில் பறக்க இந்தியா தடை விதித்திருந்ததால், மேற்கிலிருந்து டாக்காவுக்குப் போகும் விமானங்கள் இலங்கையைச் சுற்றி, கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போர் மூண்டதும் இந்தியக் கடற்படையின் விக்ராந்த் கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் கிழக்குத் துறைமுகங்களைத் தாக்கின. உள்ளூர் மக்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான் படைக்கு எதிராக நின்றனர். இழந்த எதையும் நிரப்ப வழியில்லாத அந்தப் படை 13 நாளில், டிசம்பர் 16-இல் சரணடைந்தது. இங்கே கணிப்புக்குக் கைகொடுத்தவை பருவம், கடல்வழி, வான்வழி, மக்கள் மனம். அவை எல்லாமே சோதித்துப் பார்க்கக்கூடியவை.

உக்ரைன்: இரு திசையிலும் சறுக்கல்

2022 பிப்ரவரி 24 காலை, கீவ் நகரின் விளிம்பை ஒட்டிய ஹோஸ்டோமெல் விமான தளத்தின் மீது ரஷ்யாவின் சுமார் 30 ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து வந்தன. திட்டம் எளிமையானது: முதலில் இறங்கும் வான்படை வீரர்கள் ஓடுபாதையைப் பிடிப்பார்கள், பின்னால் பெரிய சரக்கு விமானங்களில் ஆயிரக்கணக்கான வீரர்கள் வந்திறங்கி நகருக்குள் நுழைவார்கள். தளத்தைக் காத்தது உக்ரைன் தேசியக் காவல்படையின் சிறு பிரிவு. அதில் கட்டாயச் சேவையில் இருந்த இளைஞர்களும் இருந்தனர். அவர்கள் சில ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தினர். தளம் கைவிட்டுப் போனதும் உக்ரைன் பீரங்கிகள் தங்கள் ஓடுபாதையையே குண்டு வீசிக் குழியாக்கின. சரக்கு விமானங்கள் இறங்க முடியவில்லை. இர்பின் ஆற்றின் அணையைத் திறந்துவிட்டு, தலைநகருக்கு வரும் வழியை உக்ரைன் சேறாக்கியது. சில நாட்களில் கீவ் விழும் என்ற கணிப்பு அங்கே உடைந்தது. மார்ச் இறுதியில் ரஷ்யப் படை கீவ் பகுதியை விட்டு விலகியது.

இந்தத் தவறு ஏன் நேர்ந்தது என்று போரியல் ஆய்வாளர்கள் எலியட் கோஹனும் பிலிப்ஸ் ஓ'பிரையனும் 2024-இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். வல்லுநர்கள் ரஷ்யாவின் புதிய ஆயுதங்களையும் சீர்திருத்த அறிவிப்புகளையும் எண்ணினார்கள். உக்ரைன் எப்படிப் போரிடும் என்பதை அநேகமாக ஆராயவே இல்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

அதன்பின் ஊசல் மறுபக்கம் போனது. 2022 செப்டம்பரில் கார்கிவ் பகுதியிலும் நவம்பரில் கெர்சானிலும் ரஷ்யா பின்வாங்கியதும், அடுத்த கோடையில் உக்ரைன் அஸோவ் கடல் வரை போய்விடும் என்ற எதிர்பார்ப்பு மேற்கில் எழுந்தது. 2023 ஜூனில் தொடங்கிய எதிர்த்தாக்குதல் கண்ணிவெடி வயல்களில் சிக்கியது. லெபர்ட் டாங்கிகளும் பிராட்லி கவச வண்டிகளும் வந்திருந்தன. மேலே விமானப் பாதுகாப்பு போதவில்லை. ஆகஸ்ட் முடிவில் ரோபோட்டினே என்ற சிற்றூர் மீட்கப்பட்டதோடு வேகம் நின்றது. போர் முட்டுக்கட்டை நிலைக்கு வந்துவிட்டதாக நவம்பரில் 'தி எகானமிஸ்ட்' இதழிடம் ஒப்புக்கொண்ட உக்ரைன் தளபதி ஸலுஷ்னி, இத்தனை உயிரிழப்பு ரஷ்யாவை நிறுத்திவிடும் என்று நம்பியது தன் தவறு என்றார். ஹால்டரின் அதே ஓட்டை இங்கேயும் இருந்தது.

அந்தப் போரில் எல்லா முனைகளிலும் ஒரே தரப்பு முந்தவில்லை. தரையில் 2024-இல் ரஷ்யா சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் பிடித்தது. அது உக்ரைன் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கடலிலோ, சொல்லிக்கொள்ளும்படியான கடற்படையே இல்லாத உக்ரைன், ஏவுகணைகளாலும் கடல் டிரோன்களாலும் ரஷ்யாவின் கருங்கடல் படையை மேற்குப் பகுதியிலிருந்து விரட்டி, ஒடெசாவிலிருந்து தானியக் கப்பல்கள் செல்லும் வழியைத் திறந்தது.

கணிப்பவரை யார் சோதிப்பது?

அமெரிக்க உளவியலாளர் பிலிப் டெட்லாக் 284 வல்லுநர்களின் ஆயிரக்கணக்கான கணிப்புகளைப் பல ஆண்டுகள் சேகரித்து, பின்னர் நடந்ததோடு ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டார். ஊடகங்கள் விரும்பி அழைத்த புகழ்பெற்றவர்களின் கணிப்புகளே கூடுதலாகத் தவறின. எல்லாவற்றையும் ஒரே பெரிய கோட்பாட்டில் அடக்கியவர்கள் சறுக்கினார்கள். பல துறைகளிலிருந்து தகவல் எடுத்து, புதிய செய்தி வந்ததும் தங்கள் மதிப்பீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டவர்கள் தேறினார்கள்.

கோட்பாட்டுப் பிடிவாதத்தின் ஆபத்துக்கு ஈவான் பிளாக் ஓர் உதாரணம். வார்சாவைச் சேர்ந்த இந்த வங்கியாளர், ரயில்வே முதலீட்டாளர், 1898-இல் ஆறு தொகுதிகளில் எதிர்காலப் போரைப் பற்றி எழுதினார். புதிய துப்பாக்கிகளால் வீரர்கள் மண்ணுக்குள் பதுங்குவார்கள், எந்தப் பக்கமும் நகர முடியாது, நாடுகள் பொருளாதாரத்தில் நொறுங்கும் என்றார். 1914-க்குப் பின் அவற்றில் பெரும்பாலானவை நடந்தன. ஆனால் இவ்வளவு நாசம் தரும் போரை எந்த அரசும் தொடங்காது என்ற முடிவில் அவர் தவறினார். அரசுகள் தொடங்கின.

இன்று கணிப்பவருக்குப் பழைய காலத்தில் இல்லாத வசதிகள் உண்டு. 'ஓரிக்ஸ்' குழு, படச்சான்று உள்ள ராணுவத் தளவாட இழப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறது. 'மீடியாஸோனா' இதழும் பிபிசி ரஷ்யப் பிரிவும் இரங்கல் செய்திகளிலிருந்து இறந்த ரஷ்ய வீரர்களின் பெயர்களைத் தொகுக்கின்றன. சோவியத் காலத்து டாங்கிக் கிடங்குகளின் செயற்கைக்கோள் படங்களில், வரிசை வரிசையாக நின்ற வண்டிகள் குறைந்துவருவதை ஆர்வலர்கள் எண்ணுகிறார்கள். தலைமையகத்து அறிக்கையை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை.

உக்ரைன் போரின் நிலவரம்

2025 வரையிலான தகவல்களை வைத்து உக்ரைன் போரை எடைபோட்டால், கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆட்கள். ரஷ்யா கட்டாயத்தைவிடப் பணத்தால் ஆள் சேர்க்கிறது. 2024 ஜூலையில் மாஸ்கோ நகரம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலே 19 லட்சம் ரூபிள் தருவதாக அறிவித்தது. உக்ரைன் 2024 ஏப்ரலில் படைக்கு அழைக்கும் குறைந்தபட்ச வயதை 27-லிருந்து 25-ஆகக் குறைத்தது. அப்படியும் காலாட்படையில் பற்றாக்குறை தீரவில்லை. இரண்டாவது, பணம். ரஷ்யா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 7 சதவீதத்தை ராணுவத்துக்குச் செலவிட்டது. 2024 அக்டோபரில் அதன் மத்திய வங்கி வட்டியை 21 சதவீதமாக்க நேர்ந்தது. மூன்றாவது, வெளியுதவி. சுமார் 61 பில்லியன் டாலர் அமெரிக்க உதவி பல மாதங்கள் நாடாளுமன்றத்தில் முடங்கிக் கிடந்த வேளையில்தான், குண்டுப் பஞ்சத்தில் உக்ரைனின் அவ்டீவ்கா நகரம் 2024 பிப்ரவரியில் வீழ்ந்தது. ரஷ்யாவுக்கோ வட கொரியாவிலிருந்து பீரங்கிக் குண்டுகள் வந்தன, பின்னர் வீரர்களும் வந்தனர்.

இவற்றிலிருந்து எட்டக்கூடிய மதிப்பீடு இது: உக்ரைனை முழுதும் அடக்கும் 2022-ஆம் ஆண்டு இலக்கு ரஷ்யாவுக்குக் கைகூடவில்லை, கைகூடும் அறிகுறியும் இல்லை. 1991 எல்லையை ஆயுதத்தால் மீட்கும் பலமும் உக்ரைனிடம் இல்லை. ஒரு தரப்பு திடீரென நொறுங்குவதைவிட, போர்முனை மெல்ல நகர்ந்து, ஏறத்தாழ படைகள் நிற்கும் இடத்திலேயே போர் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம்.

இந்த மதிப்பீட்டைப் பொய்யாக்கக் கூடியவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான கணிப்பாகும். ஸ்லோவியான்ஸ்க், கிரமாதோர்ஸ்க் ஆகிய கிழக்கு உக்ரைனின் அரண் நகரங்களை ரஷ்யா ஒரே பருவத்தில் பிடித்துவிட்டால், உக்ரைனின் காலாட்படைப் பற்றாக்குறை இங்கே சொன்னதைவிட ஆழமானது என்று பொருள். ஐரோப்பாவின் நிதி ஆறு மாதம் தடைபட்டால், 2024 தொடக்கத்தில் நடந்தது இன்னும் பெரிய அளவில் நடக்கும். பணம் கொடுத்தும் ஆள் கிடைக்காமல், 2022 செப்டம்பரில் 3 லட்சம் பேரை அழைத்தது போல ரஷ்யா மீண்டும் கட்டாய அழைப்பு விடுத்தால், நிரப்பும் வேகம் அங்கேயும் வற்றுகிறது என்று கொள்ளலாம். கிரமாதோர்ஸ்கில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதா இருப்பதா என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பது இப்படிப்பட்ட மதிப்பீடுகளை வைத்துத்தான். ஆகவே இம்மூன்றில் எது நடந்தாலும் மேலே சொன்ன கணிப்பை அன்றைக்கே கைவிட்டு, புதிய கணக்கை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.